என் தூளைக் கண்டுபிடித்த மிஷின்

வாடிப்பட்டி ரோட்டில் ஒரு கல் பாலிஷ் பட்டறை நிற்கிறது. கட்டியது நான். கரண்டுக் கம்பம் எட்டிப் பார்க்காத காலத்தில் கிணற்று டீசல் என்ஜினைக் கழற்றி வந்து முதல் மிஷினை ஓட்டியதும் நான். பேங்கில் படிப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் பாதி என்றேன். ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் தயவில்லாமலே இரண்டாவது மிஷின், மூன்றாவது மிஷின். மதுரைக்குள் நாலு கல்யாண மண்டபத்துத் தரை என் கையால் ஆனது. அதில் ஒன்றில் மாப்பிள்ளைத் தோழன் குனிந்து தரையைப் பார்த்தே தலை சீவியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். கோயில் பிரகாரம் ஏழு. அடுப்படி மேடைக்குக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பாறைக்கு வெடி வைத்ததில் இடது காது பாதி போயிற்று. மீதிக் காதை வைத்துக்கொண்டு இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்தேன். ஒச்சப்பன் பட்டறை என்று சொன்னால் லாரிக்காரன் வழி கேட்காமல் வந்து நிற்பான்.

இதெல்லாம் எதற்கு என்றால், இப்பேர்ப்பட்ட நான் ஒரு பயணம் போய்வந்தேன். சிங்கப்பூர் போனவர்களும் லண்டன் போனவர்களும் எழுதுகிறார்கள். நான் போனது நாகமலைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு, என் பட்டறையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ஆனால் போன இடத்தில் பேசுகிற பேச்சில் பாதி புரியவில்லை. வாசலில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். சித்திரை வெயிலில், ரூம் குளிருக்கென்று சால்வை கொடுத்தார்கள். வெளிநாடு என்றால் இதைவிட என்ன இருக்கிறது?

போகக் காரணம் பவித்ரா. பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர் மகள். பாறையைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். நம் பக்கத்து மலையில் உடைத்த கல்லை, ரூபாய்க் காசு அகலத்தில் வட்ட வட்டமாகப் பிசினில் பதித்து ஆறு துண்டு கொண்டுவந்தாள். அவள் கல்லூரியில் தேய்க்கிற மிஷின் பழுதாம். முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துத் தரவேண்டும் என்றாள். ஊசிக்குழாயில் பற்பசை மாதிரி ஒன்றைக் கொடுத்தாள். வைரத்தூள் பசை.

"கடைசித் தேய்ப்பு இதுலதான் பெரியப்பா. வேற எதையும் போட்டுறாதீங்க."

"சரி தாயி" என்றேன்.

அந்தப் பசையில் தேய்த்தேன். நல்ல பளபளப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் கண்ணுக்கு அது ஈரம் காய்ந்த கல் மாதிரி இருந்தது. என் கை பட்ட கல் அப்படி வெளியே போனதில்லை. உள்ரூமில் ஒரு பழைய டப்பாவில் என் தூள் இருக்கிறது. பெரிய வேலைக்கு மட்டும் எடுப்பேன். ஒரு சிட்டிகை எடுத்து, ஈரத் துணியில் வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் கடைசியாக ஒரு தேய்ப்பு கொடுத்தேன். கல் கண்ணைத் திறந்தது. பவித்ராவிடம் சொல்லவில்லை. தூளைப் பற்றி யாரிடமும் சொல்கிற வழக்கம் பாலிஷ் தொழிலில் கிடையாது. யார் கேட்டாலும் "வைரத்தூள்" என்று சொல்லிவிட வேண்டும். எல்லாப் பட்டறையிலும் அதுதான் பதில்.

முதல் நாள்.

நானும் பவித்ராவும் பஸ் ஏறினோம். ஆறு கல்லையும் பஞ்சில் சுற்றி ஒரு பலகாரப் பெட்டிக்குள் வைத்து, அதை என் மடியில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, "முட்டையாண்ணே?" என்றார். "கல்லும்மா" என்றேன். "கல்ல இம்புட்டுப் பதனமா கொண்டுபோற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பல்கலைக்கழக ஸ்டாப்பில் பஸ் நிற்காது என்பதைக் கண்டக்டர் அந்த ஸ்டாப்பைத் தாண்டின பிறகு சொன்னார். செக்கானூரணியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேருக்கு நடுவில் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தோம். அந்த ரோடு எனக்குப் பழக்கம். சைக்கிளில் ஆர்டர் பிடிக்க அலைந்த காலத்தில் இரண்டு பக்கமும் சோளக்கொல்லை, நடுவில் நான். இப்போது ரெண்டு பக்கமும் பிளாட் போட்ட கல். ஊன்றியிருந்த கல் ஒன்றுகூட ஒழுங்காகத் தேய்க்கப்படவில்லை.

நாகமலை புதுக்கோட்டையில் சாப்பிட்டோம். இட்லி பஞ்சு மாதிரி, சட்னி தண்ணி மாதிரி. தண்ணிச் சட்னி என்றே கேட்டு வாங்குகிற ஊர்க்காரன் நான், அதனால் குறை இல்லை. பவித்ரா ரெண்டு இட்லியில் எழுந்துவிட்டாள். "நேரமாச்சு பெரியப்பா. இந்த மிஷின்ல நமக்கு ரெண்டு நாளுதான். எங்க காலேஜ், திருநெல்வேலி, கோயம்புத்தூருன்னு எல்லாரும் பங்கு போட்டுக்கிற மிஷின். இத விட்டா ஆறு மாசம் ஆகும். பட்டத்துக்கு எழுதுற என் புத்தகம் அதுக்குள்ள போயாகணும்."

மிஷின் ரூமுக்குள் போனோம். சில்லென்று இருந்தது. அங்கே அதை ஓட்டுகிறவர் செல்வம், திண்டுக்கல் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். முதலில் எங்கள் கல்லுக்குக் கரி பூசினார். ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் கல்லை வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, கரிக்குச்சியைச் சூடாக்கினார். கரி ஆவியாகிப் படிந்தது. நான் பளபளக்க வைத்த கல் என் கண் முன்னால் மங்கிப்போனது. நான் சும்மா இருந்தேன் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

"தம்பி, தேய்க்கிறது நான், மூடுறது நீங்களா?"

"மிஷினுக்கு இதுக்கு மேலயும் தெரியும் ஐயா. கரி இல்லாட்டி கரண்டு கல்லுல தேங்கிப்போகும்."

மிஷின் ஆள் உயரம் இருந்தது. உள்ளே காற்றே கிடையாதாம். மேலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கற்றை கீழே கல்லில் இறங்கும் என்றார் செல்வம். "தேனி கொட்டுற மாதிரி ஒரே இடத்துல கொட்டும் ஐயா. கொட்டுன இடத்துல கல்லுக்குள்ள இருக்கிற ஒவ்வொண்ணும் ஒவ்வொரு குரல்ல கத்தும். இரும்பு ஒரு குரலு, சுண்ணாம்பு ஒரு குரலு. யாரு கத்துறா, எம்புட்டுச் சத்தமா கத்துறான்னு மிஷின் எழுதிரும்." இதைவிடத் தெளிவாக என்னிடம் யாரும் எதையும் சொன்னதில்லை. அவருக்கு அந்த இடத்திலேயே மரியாதை கொடுத்துவிட்டேன்.

பவித்ரா தேடியது கல்லுக்குள் இருக்கிற சிவப்பு மணிகளை. கார்னெட் என்கிறார்கள். நடுவில் என்ன இருக்கிறது, ஓரத்தில் என்ன இருக்கிறது என்று அளந்தால், அந்தப் பாறை பூமிக்குள் எவ்வளவு சூட்டில் வெந்தது என்று சொல்லிவிடலாமாம். நாற்பது வருஷம் அதே சிவப்பு மணியைக் கல்லில் பார்த்திருக்கிறேன். "புள்ளி விழுந்த கல்லு" என்று வாங்குகிறவர்கள் விலை குறைப்பார்கள். அதற்குள் ஒரு அடுப்புக் கணக்கு இருப்பது எனக்குத் தெரியாது.

மிஷினோடு சேர்ந்த டிவியில் கல் வந்தது. கறுப்பும் சாம்பலுமாக. அப்போது செல்வம், "இது என்ன?" என்றார். கீறல் ஓரமெல்லாம், மணிக்கும் மணிக்கும் இடையில், வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. கனமான பொருள் எதுவோ அதுதான் அப்படி வெளுப்பாகத் தெரியுமாம். ஒரு புள்ளியில் கற்றையை வைத்தார்.

"வெள்ளீயம்" என்றார்.

பவித்ரா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "இந்தப் பக்கத்துப் பாறையிலயா? யாருமே சொன்னதில்லையேண்ணே."

செல்வம் அனுபவசாலி. என் பக்கம் திரும்பினார். "ஐயா, கடைசியா என்ன தூளு போட்டுத் தேய்ச்சீங்க?"

வாய் தானாகத் திறந்தது. "வைரத்தூளு தம்பி. வேறென்ன."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. நாற்பது வருஷப் பழக்கம் அது. அந்த வெள்ளைப் புள்ளி யார் என்று அந்த ரூமில் எனக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளீயம் என்ற சொல் காதில் விழுந்த உடனே தெரிந்துவிட்டது.

பவித்ரா அவள் புரொபசருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கத்து சந்தோஷம் ரூம் முழுக்கக் கேட்டது. இன்றைக்குப் பூராவும் வெள்ளீயத்தையே பார், மணியெல்லாம் அப்புறம், காலையில் பத்து மணிக்குப் புத்தகத்தின் தலைப்பையே மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிடுகிறேன் என்றார். அந்தப் பிள்ளை போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டது. "நீங்க தேய்ச்ச ராசி பெரியப்பா."

கேண்டீனில் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று இப்போது கேட்டால் தெரியாது.

சாயங்காலம் வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. டவுனுக்குப் போய்க் கோயிலுக்குப் பக்கத்துப் பாத்திரக்கடைத் தெருவில் இறங்கினேன். என் பழைய சிநேகிதர் துளசிராம் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ஒரு தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கி அங்கேயே நின்று குடித்தேன்.

துளசிராம் சௌராஷ்டிரர். அவர்கள் வீட்டில் பேசுவது வேறு பாஷை. என்னிடம் என்னைவிட மதுரைத் தமிழ் பேசுவார். பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் குழி அடுப்பு, அதில் ஈயம் பூசுகிற ஆள். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, வெள்ளை வெள்ளையாகப் புகை எழும்ப, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்பக்கம் நிலா மாதிரி ஆகும். நான் அவர் கடை வாசலுக்குக் கல் போட வந்தேன். எவ்வளவு தேய்த்தாலும் பாலிஷ் ஏறவில்லை. மூன்று நாள் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள், "மாப்ள, ஒருக்கா இதப் போட்டுப் பாரு" என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். ஈயச் சாம்பல். உருகின ஈயத்துக்கு மேல் ஆடை மாதிரி படிகிறதே, அதை வழித்து எடுத்து, அரைத்து, தண்ணீரில் கலக்கி, முதல் தண்ணீரையும் இரண்டாம் தண்ணீரையும் விட்டுவிட்டு மூன்றாம் தண்ணீரில் படிகிற வண்டலை மட்டும் காயவைத்தது. வெள்ளிச் சாமான் துலக்க அவர் வைத்திருந்தது.

அன்றைக்குக் கல்லில் அவர் முகமும் என் முகமும் சேர்ந்து தெரிந்தன. அவர் வீட்டுப் புளியோதரையை அந்தக் கல்லின் மேலேயே இலை போட்டுச் சாப்பிட்டோம். "யாரு கேட்டாலும் வைரம்னு சொல்லு மாப்ள, வைரம்னா எவனும் மேல கேக்கமாட்டான்" என்றார். சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. பிறகு எத்தனையோ சாயங்காலம் அந்தக் குழி அடுப்பு ஓரம் உட்கார்ந்து அவரும் நானும் வண்டல் அரைத்தோம். ஒரு டிரம் நிறைய ஆயிற்று. ஊரெல்லாம் ஒச்சப்பன் தூள் என்று பேசியபோது அவர் ஒரு வார்த்தை மறுத்ததில்லை. நானும் திருத்தியதில்லை. அவர் போய்ச்சேர்ந்து பல வருஷம் ஆகிறது.

பருத்திப்பால் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றால், அந்த மலை மேல். நாளைக்குப் புத்தகத்தில் வெள்ளீயம் பாறையில் பிறந்தது என்று அச்சடிப்பார்கள். நானும் துளசிராமும் மூன்றாம் தண்ணீர் வரைக்கும் வடித்து எடுத்த தூளின் பெருமை, ஒரு வேலையும் செய்யாத மலைக்குப் போய்ச் சேரும். அதற்கு அடுத்த வருஷம் வேறொருத்தன் வந்து அதே மலையை உடைத்துப் பார்த்து, ஈயம் எங்கே என்று கேட்பான். அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? முதலில் மலை மேல் இருந்த கோபம் பிறகுதான் என் பக்கம் திரும்பியது. வரிசையை மாற்றி எழுத எனக்குத் தெரியும், ஆனால் நடந்தது இப்படித்தான்.

இரண்டாம் நாள்.

காலையில் எழுந்ததும் பட்டறை உள்ரூமுக்குப் போய், தூளில் ஒரு சிட்டிகை மடித்து எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை கண்டக்டரை ஏறும்போதே கேட்டேன். எட்டரைக்கு மிஷின் ரூம் வாசலில் நின்றேன். பவித்ரா தலைக்குக் குளித்துப் பூ வைத்து வந்திருந்தாள்.

"தாயி, அது பாறையில இருந்து வரல. என் தூளுல இருந்து வந்தது."

புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சாம்பல், மூன்றாம் தண்ணீர் எல்லாம் சொன்னேன். துளசிராம் பெயரையும் சொன்னேன். வெளியாள் முன்னால் அந்தப் பெயரைத் தூளோடு சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"வேற எதையும் போட்டுறாதீங்கன்னு சொன்னேனே பெரியப்பா. நேத்தாச்சும் சொல்லியிருக்கலாம்ல. ஒரு நாளே போச்சே" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செல்வம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வைரம்னீங்களே ஐயா."

"அது யாபாரப் பேச்சு தம்பி."

"யாபாரத்த எங்கிட்டப் பண்ணலாம். இதுகிட்டப் பண்ணமுடியாது" என்று மிஷினைத் தட்டினார். பிறகு, நான் சொல்வதையும் அப்படியே நம்பமுடியாது, தூளையே உள்ளே வைத்துப் பார்த்துவிடுவோம் என்றார். ஒரு சின்ன ஒட்டு டேப்பில் சிட்டிகையைப் பதித்து, கரி பூசி உள்ளே அனுப்பினார். பக்கத்துப் பட்டறைக்காரன் இந்தத் தூள் என்ன என்று தெரிந்துகொள்ள என்னிடம் ஒரு ஆளையே வேலைக்கு அனுப்பிப் பார்த்தான், ரெண்டு வருஷம் இருந்தும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. மிஷின் என் டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டது. வெள்ளீயம். நேற்றைக்குப் பார்த்த அதே குரல்.

"இதுல கொஞ்சம் காரீயமும் இருக்கு ஐயா. அந்தப் புள்ளியிலயும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் செல்வம்.

துளசிராம் சாகிற வரைக்கும் ஒரு சந்தேகம் வைத்திருந்தார். "இந்த ஈயக்காரன் ஈயத்துல எனக்குத் தெரியாம என்னமோ கலக்குறான் மாப்ள, ஆனா பிடிக்க முடியல" என்பார். கலந்திருக்கிறான். பிடித்தாயிற்று. சொல்லத்தான் ஆள் இல்லை.

பத்து மணிக்கு முன்னால் பவித்ரா புரொபசருக்குப் போன் போட்டுக் கடிதத்தை நிறுத்தினாள். திட்டு விழுந்தது. போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "பாலிஷ் தூள் சார், ஆமா சார்" என்று மட்டும் சொன்னாள். யார் தூள் என்று சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக அவளுக்கு நினைப்பு.

இனி எல்லாவற்றையும் திரும்பத் தேய்த்து, கழுவி, கரி பூசி, உள்ளே வைக்க வேண்டும். மிஷின் எங்களுக்கு மாலை நாலு வரைக்கும்தான். மணிகளை அளக்கவே ஐந்து மணி நேரம் வேண்டும் என்றார் செல்வம். நாலு மணிக்கு மிஷினை எடுத்துக்கொள்ள வேண்டிய அடுத்த ஆள் காலையிலேயே வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர் வார்ப்படத் தொழிற்சாலைக்காரர், மடியில் டிபன் கேரியர், கையில் உடைந்த இரும்புத் துண்டு.

கண்ணாடிப் பலகை கேட்டு வாங்கினேன். பவித்ராவின் ஊசிக்குழாய்ப் பசையை வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டித் தரையில் உட்கார்ந்து, ஒரு விரல் அழுத்தத்தில் எட்டுப் போட்ட மாதிரி தேய்த்தேன். மிஷினில் தேய்ப்பவன் கல்லை மட்டும்தான் பார்ப்பான், கையால் தேய்ப்பவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று விரலில் தெரியும். சிவப்பு மணி வரும் இடத்தில் விரல் லேசாகத் தடுக்கும். ஆறு துண்டையும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தேன். இந்த வேலையை எழுபது வயதில் செய்ய இந்த ஜில்லாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாராவது எண்ணிப் பார்க்கட்டும்.

கோயம்புத்தூர்க்காரர் எழுந்து வந்து பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம துண்டு சரியா பாலிஷ் ஆகலீங்கண்ணா. இந்தத் தம்பி அதைப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்குறாருங்க" என்றார்.

"கொண்டாங்க. உங்க இரும்பையும் தேய்ச்சுத் தாரேன். எங்களுக்கு ஒரு மணி நேரம் விடுங்க."

யோசித்தார். "என்ன தூளுங்க போடுவீங்க?"

செல்வம் சிரிப்பை அடக்க முடியாமல் ரூமுக்குள் போய்விட்டார். "அந்தப் பிள்ளையோட பசைதாங்க. வேற எதையும் தொடமாட்டேன்" என்றேன். ஒத்துக்கொண்டார். டிபன் கேரியரைத் திறந்து எனக்கும் பாதி தயிர்சாதம் கொடுத்தார். கோயம்புத்தூர்த் தயிரில் புளிப்பே இல்லை. அவருடைய இரும்பைத் தேய்த்துக்கொண்டே சாப்பிட்டேன், ஒரு கையால்.

மத்தியானத்துக்கு முன்னாலேயே எங்கள் கல் உள்ளே போய்விட்டது. டிவியில் கறுப்பும் சாம்பலும். ஆழமான ரெண்டு கீறலில் மட்டும் வெள்ளைப் புள்ளி போகாமல் ஒட்டியிருந்தது. செல்வம் அந்த இடத்தை விட்டு விலகி மணிகளுக்குப் போனார். நடுவில் ஒரு கொட்டு, பக்கத்தில் ஒரு கொட்டு, ஓரம் வரைக்கும் வரிசையாக. எண் எண்ணாக விழுந்துகொண்டே இருந்தது. பவித்ரா ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஐந்து மணிக்குக் கடைசி மணி முடிந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்து, "நெனச்சதவிட அதிகமா வெந்திருக்கு பெரியப்பா" என்றாள். முகத்தில் நேற்றைய ஆட்டம் இல்லை. ஆனால் நின்று கவனித்தேன், இது நிலைத்து நிற்கிற சந்தோஷம். பழைய தலைப்பே இருக்கட்டும் என்று புரொபசரும் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. பெட்டியை அவளே மடியில் வைத்துக்கொண்டாள். சமயநல்லூர் வரும்வரை நான் துளசிராமைப் பற்றிப் பேசினேன். அவள் கேட்டாள்.

போன வாரம் பவித்ரா பட்டறைக்கு வந்து, அச்சுக்குப் போகிற புத்தகத்தை இங்கிலீஷில் இருந்து தமிழாக்கிப் படித்துக் காட்டினாள். நன்றிப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. மேலே ஹாஸ்டல் வார்டன், கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், நடுவில் நான். கல்லைத் தயார்செய்த விதம் எழுதுகிற இடத்தில், "சில கீறல்களில் தெரியும் வெள்ளீயம் பாலிஷ் தூளின் எச்சம்" என்று ஒரே வரி. யார் தூள், யார் பூசியது, யார் சொல்லித் தெரிந்தது, ஒன்றும் இல்லை. உங்களுக்கு அசிங்கமா இருக்கும்னுதான் விட்டேன் பெரியப்பா என்றாள்.

எனக்கு அசிங்கம் இல்லை. இதை அச்சில் கேட்கிறேன், அவள் புரொபசரும் படிக்கட்டும். நன்றிப் பக்கத்திலிருந்து என்னை எடுத்துவிடுங்கள். செய்முறை எழுதிய இடத்தில் போடுங்கள். ஆறு கல்லையும் தேய்த்தது வாடிப்பட்டி ரோடு ஒச்சப்பன். சொன்ன பேச்சைக் கேட்காமல் வெள்ளீயத்தை ஏற்றிக் கெடுத்ததும் அவன். கெடுத்தது இன்னதென்று சொல்லி, தரையில் உட்கார்ந்து கையால் திரும்பத் தேய்த்ததும் அவன். தூள் பாத்திரக்கடை துளசிராமுடையது, அது வைரம் இல்லை, ஈயச் சாம்பல், காரீயம் கலந்தது அவர் குற்றம் இல்லை. யார் பெயர் முதலில் வருவது என்று கேட்டால், போகட்டும், அவர் பெயர் முதலில் வரட்டும். என் பெயர் அந்த இடத்தில் இல்லாமல் மட்டும் அந்தப் புத்தகம் பைண்டிங்குக்குப் போகக் கூடாது.